அம்மாவுக்குத் தமிழ் எழுத்து, மகளுக்கு மலையாள எழுத்து: நடுவில் போன் என்ன செய்கிறது?

எல்லைக்கல் எழுதியது, சனி இரவு 9.40

எங்கள் ஊர் கேரளத்தில், பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே. வாய்க்கால் கரையோடு அரை மணி நேரம் நடந்தால் தமிழ்நாடு. வீட்டில் தமிழ், மளிகைக் கடையில் தமிழ், தென்னந்தோப்பில் தமிழ். பஸ் போர்டிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் மலையாளம். பிறந்ததிலிருந்து இப்படித்தான் இருக்கிறோம், இதில் பெரிய மனக்குறை எதுவும் கிடையாது.

என் மனைவி தமிழ் வழிப் பள்ளியில் ஏழாவது வரை படித்தவள். தமிழ் எழுத்து மட்டும்தான் வாசிப்பாள். மகளை மலையாள வழியில் சேர்த்தோம். வேலைக்கு அதுதான் உதவும் என்று அன்றைக்கு எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். அவள் இப்போது திருச்சூரில் நர்சிங் படிக்கிறாள். அம்மாவும் மகளும் பேசுவது முழுக்கத் தமிழ். ஆனால் அவள் மலையாள எழுத்தில் ஒரு வரி அனுப்பினால் அம்மாவால் வாசிக்க முடியாது. அம்மா ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதி வைத்தால் அவளால் வாசிக்க முடியாது. ஒரே மொழி பேசும் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் கடிதம் எழுத முடியாத வீடு எங்களுடையது.

வாட்ஸப்பில் 2013இல் குரல் செய்தி வந்தது. எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர இன்னும் நான்கைந்து வருடம் ஆனது. இப்போது ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது குரல் செய்தி பறக்கிறது. "அம்மா, சாம்பார் புளிச்சுப் போச்சு, என்ன பண்ணட்டும்" என்பது முதல் "இன்னைக்கு வார்டுல ஒருத்தர் இறந்துட்டாரு" என்பது வரை. ராத்திரி படுக்கும்போது என் மனைவி மகளின் குரலை மறுபடி போட்டுக் கேட்கிறாள். இதைப் பார்க்கும்போது இந்தக் கருவியைச் செய்தவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. என் அப்பா எத்தனையோ மனு எழுதியிருக்கிறார். வெள்ளைத் தாளில், தமிழில், "ஐயா" என்று தொடங்கி. ஆபீசில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். தமிழ் தெரிந்த கிளார்க் ஒருவர் எப்போதும் இருப்பார். போன மாதம் அப்பா பெயரில் இருந்த நிலத்துக்கு ஒரு சர்டிபிகேட் வேண்டியிருந்தது. ஆன்லைனில்தான் போட வேண்டும் என்றார்கள். எனக்குக் கிடைத்த படிவம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அதில் "வீட்டுப் பெயர்" என்று ஒரு கட்டம். எங்களுக்கு ஏது வீட்டுப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்துதான் எங்களுக்கு முன்னால் நிற்கும். பழைய காலத்துக் கிளார்க் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவார். இந்தப் படிவம் அடுத்த பக்கத்துக்கே போகவில்லை. கடைசியில் ஊர்ப் பெயரை வீட்டுப் பெயராகப் போட்டோம். அப்புறம் ஆதாரில் ஒரு பெயர், நில வரி ரசீதில் ஒரு பெயர் என்று திரும்பி வந்தது. சாமி என்பது ஒன்றில் சுவாமி ஆகியிருந்தது.

நான் கேட்க விரும்புவது இதுதான். போன் எங்கள் பேச்சுத் தமிழுக்கு இத்தனை இடம் கொடுத்தது. கேட்டுப் பெற வேண்டிய இடத்தில் இருந்த தமிழை அதே போன் எடுத்துக்கொண்டதா? உங்கள் ஊரில் எப்படி?


வேலந்தாவளம் காய்க்காரர் எழுதியது, சனி இரவு 10.15

அண்ணா, வீட்டுப் பெயர் விஷயம் எனக்கும் நடந்தது. ஆனால் மொத்தத்தில் போனைக் குறை சொல்ல என்னால் முடியாது.

நான் கத்தரி, வெண்டை, பாகல் போடுகிறேன். 2005 வாக்கில் விடிகாலை மூன்று மணிக்கு மூட்டையை ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனால், அங்கே வியாபாரி சொல்வதுதான் விலை. ஒட்டன்சத்திரத்தில் என்ன விலை போனது என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இன்றைக்கு நான் படுக்கையில் இருந்தே ஒட்டன்சத்திரம், உடுமலை, பாலக்காடு மூன்று விலையும் பார்த்துவிட்டுத்தான் காய் பறிக்க ஆள் கூப்பிடுகிறேன். விலை விழுந்தால் ஒரு நாள் தள்ளிப் பறிக்கலாம். வெண்டைக்கு அதுவும் முடியாது, முற்றிவிடும். பாகலுக்கு முடியும்.

இன்னொன்றையும் சொல்லணும். முன்னால் எங்கள் வயலில் நின்றால் போன் தமிழ்நாட்டுக் கோபுரத்தில் ஏறிக்கொள்ளும். வரும் அழைப்புக்கும் காசு பிடிப்பான். ரோமிங் என்ற வார்த்தையை எங்கள் கூலிக்காரர்கள்கூடக் கற்றுக்கொண்டதே அப்படித்தான். 2016இல் ஜியோ வந்த பிறகுதான் எல்லை போனில் இருந்து அழிந்தது. பொண்ணைக் கட்டிக் கொடுத்த வீடு பொள்ளாச்சிப் பக்கம் இருந்தால், பேசுவதற்குக் காசை எண்ண வேண்டியதில்லை. இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை.


தெற்கு கிராமம் எழுதியது, ஞாயிறு காலை 7.05

காய்க்காரர் சொன்னதற்கு நல்ல ஆதாரம் கேரளத்திலேயே உண்டு. 1997இலிருந்து 2001வரை வடகேரளக் கடற்கரையில் செல்போன் கோபுரங்கள் படிப்படியாக வந்தன. மத்தி பிடிக்கும் மீனவர்கள் கடலில் இருந்தே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்கத் தொடங்கினார்கள். பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் அதை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். அதற்கு முன் ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கடலில் கொட்டுவார்கள், சில மைல் தள்ளி இன்னொரு கரையில் மீன் கிடைக்காமல் ஆட்கள் திரும்பிப் போவார்கள். போன் வந்த பிறகு அந்த வீண் ஏறத்தாழ நின்றது. மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை சுமார் 4 சதவீதம் குறைந்தது. இரண்டு பக்கமும் லாபம்.


வேலந்தாவளம் காய்க்காரர் எழுதியது, ஞாயிறு காலை 7.50

சார், படித்தேன், சந்தோஷம். ஆனால் படகுக்காரருக்குப் படகைத் திருப்ப முடியும். எங்களில் பாதிப் பேருக்கு அது முடியாது. விதைக்கும் உரத்துக்கும் மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியிருப்போம். ஒட்டன்சத்திரத்தில் கிலோவுக்குப் பத்து ரூபாய் அதிகம் என்று போன் சொல்லும். சொல்லி என்ன? முன்பணம் கொடுத்தவருக்குத்தான் காய் போகும். முன்பணம் வாங்காமல் விதைக்க முடிந்த வருஷம் மட்டும்தான் அந்த விலை எனக்குப் பயன்பட்டது. சொல்ல வேண்டும் என்று தோன்றியது.


ஏலமலை எழுதியது, ஞாயிறு காலை 11.30

கம்பத்துக்காரி. கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய் வந்தவள். இப்போது முட்டி வலி, வீட்டில் இருக்கிறேன், பேத்தி போனில் பேசி எழுத வைக்கிறேன்.

காய்க்காரர் சொன்னதை அப்படியே எங்கள் பக்கம் வைத்துப் பாருங்கள். ஏலக்காய் புற்றடியிலும் போடியிலும் மின்னணு ஏலத்தில் போகிறது. வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறார்கள். அன்று சாயங்காலமே விலை எங்கள் போனுக்கு வந்துவிடும். 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. எங்கள் ஜீப்பில் எல்லாரும் அதைப் பார்த்தோம். அதற்கு முன்னால் முதலாளி "விலை இல்லைம்மா" என்று சொன்னால் நம்பிக்கொண்டு இறங்கிப் போவோம். விலை தெரிந்த பிறகு கூலி கேட்கும் குரல் கொஞ்சம் மாறியது. கூலி 7,000 ரூபாய் விலைக்கு ஏற்ற மாதிரி ஏறவில்லை. ஆனால் பயந்து பேசிய பெண்கள் பயப்படாமல் பேசினார்கள். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

கொரோனா வந்தபோது நடந்தது வேறு. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மூன்று வழியும் அடைத்தார்கள். பாஸ் இருந்தால் போகலாம், பாஸ் ஆன்லைனில் எடுக்க வேண்டும். இரண்டு மாநிலத்துக்கும் இரண்டு இணையதளம். முப்பது வருஷமாக முகத்தைப் பார்த்து எங்களை விட்ட அதே செக்போஸ்டில் போனைக் காட்டச் சொன்னார்கள். என் ஜீப்பில் பதினான்கு பேர், நல்ல போன் இரண்டு பேரிடம். ஒரு சீசன் காய் எடுக்காமல் எங்களுக்குப் போனது.

அப்புறம் ஒரு விஷயம். கேரளாப் பக்கம் "ரேஞ்ச் இல்லை" என்பார்கள், நாங்கள் "டவர் இல்லை" என்போம். ஜீப் மேலே ஏறும்போது எந்த வார்த்தை வருகிறதோ அதை வைத்தே மாநிலம் மாறிவிட்டது என்று தெரிந்துகொள்வோம்.


மூணாறு மகள் எழுதியது, ஞாயிறு மதியம் 2.10

ஏலமலைப் பாட்டி சொன்ன ரேஞ்சைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

2020 ஆகஸ்ட் 6, இரவு. ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, மூடியது. நாள்கணக்காக மழை. கரண்ட் இல்லை, போன் தொடர்பு இல்லை. வெளியுலகுக்குச் சேதி தெரிந்தது மறுநாள் காலையில்தான். 70 உயிர்கள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள், பலருக்குச் சொந்த ஊர் கயத்தாறுப் பக்கம். என் அம்மாவோடு இலை கிள்ளியவர்கள் அதில் இருந்தார்கள். அந்த ராத்திரி ஒரே ஒரு அழைப்பு போயிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று என்னால் கணக்குச் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் லயங்களில் இன்றைக்கும் எல்லார் மனதிலும் அந்தக் கேள்வி இருக்கிறது.

அதற்கு முந்தைய வருடம், 2019 செப்டம்பரில், ஹாஸ்டலில் போன் பறித்ததை எதிர்த்துக் கோழிக்கோடு பக்கத்து மாணவி ஃபஹீமா ஷிரின் போட்ட வழக்கில், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. 2020 ஜூன் 1இல் பள்ளிப் பாடங்கள் டிவிக்கும் போனுக்கும் வந்தன. தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு யூடியூபில் பாடம் ஏற்றினார்கள், அந்த ஆசிரியர்களுக்கு நன்றி. பாடம் இருந்தது, ரேஞ்ச் இல்லை. என் தம்பி குடையும் நோட்டும் எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறி, பாறை மேல் உட்கார்ந்து பத்தாம் வகுப்புப் பாடம் கேட்டான். அட்டை கடித்த காலோடு வருவான்.

அரசு 2023 ஜூனில் கே-ஃபோன் என்று சொந்த ஃபைபர் வலையமைப்பைத் தொடங்கியபோது நான் அதைத்தான் நினைத்தேன். கம்பி எங்கள் லயத்துக்கு எப்போது வரும்?

எல்லைக்கல் அண்ணா கேட்டதற்கு ஒன்று சொல்கிறேன். 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள், பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில். போனஸை 10 சதவீதமாகக் குறைத்ததை எதிர்த்து 20 கேட்டார்கள். சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டு அவர்களே பேசினார்கள். மலையாளச் சேனல்கள் மைக்கை நீட்டின, எங்கள் அம்மாக்கள் தமிழில்தான் பேசினார்கள். கேரளம் முழுக்க அதைக் கேட்டது, ஒன்பது நாளில் 20 சதவீதம் கிடைத்தது. அன்றைக்கு யாரும் "மலையாளத்தில் பேசு" என்று சொல்லவில்லை. கேமரா தமிழை ஏற்றுக்கொண்டது. படிவம் ஏன் ஏற்றுக்கொள்ளவில்லை என்று எனக்கும் புரியவில்லை.


எல்லைக்கல் எழுதியது, ஞாயிறு மாலை 6.00

தங்கச்சி, அந்தக் கடைசி வரியை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.


அக்ஷயாவில் இருப்பவள் எழுதியது, ஞாயிறு இரவு 9.20

நான் எல்லைப் பஞ்சாயத்து ஒன்றில் அக்ஷயா சென்டரில், அதாவது அரசின் ஆன்லைன் சேவை மையத்தில், வேலை செய்கிறேன். நீங்கள் குறை சொல்லும் படிவத்தை நாள் முழுக்க நிரப்புகிறவள் என்பதால் உள்ளே இருந்து சொல்கிறேன்.

அக்ஷயா 2002இல் மலப்புறத்தில் தொடங்கியது. அப்போது நோக்கம் வேறு: ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்காவது கம்ப்யூட்டர் தொடத் தெரிய வேண்டும் என்பது. அப்புறம் மெல்ல மெல்ல அரசுக்கும் மக்களுக்கும் நடுவில் இருக்கும் கதவாக ஆகிவிட்டது. தெரிந்துகொள்ள வந்தவர்கள், செய்து தரச் சொல்லி வருகிறவர்களாக ஆனார்கள். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. படிவங்கள் கூடக் கூட அப்படி ஆனது.

தமிழ்ப் பெயர் என்ன ஆகிறது என்று கேளுங்கள். ஒரு அம்மா வருவார், ரேஷன் கார்டில் மலையாளத்தில் ஒரு பெயர். ஆதாரில் ஆங்கிலத்தில் ஒரு பெயர். தமிழ்நாட்டில் படித்த பள்ளிச் சான்றிதழில் இனிஷியலோடு தமிழில் ஒரு பெயர். மலையாளத்தில் க ஒன்றுக்கு நான்கு எழுத்து, த ஒன்றுக்கு நான்கு எழுத்து. கந்தன் என்பதை எழுதும்போது எந்த த போடுவது என்று எழுதுகிறவர் அன்றைக்கு முடிவு செய்கிறார். கையால் எழுதிய காலத்தில் பார்த்தவுடன் "ஓ, இது நம்ம கந்தன்தானே" என்று மனிதர் புரிந்துகொள்வார். கம்ப்யூட்டர் ஒரு எழுத்து மாறினாலும் வேறு ஆள் என்றுதான் எடுத்துக்கொள்கிறது. "இரண்டும் ஒரே ஆள்" என்று ஒரு சர்டிபிகேட் வாங்க வேண்டும். அதற்கும் ஒரு ஆன்லைன் படிவம்.

வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் போனில் என்ன செய்தி வந்தது என்று தெரியாது. பென்ஷன் மஸ்டரிங் (உயிரோடு இருப்பதைப் பதிவது) செய்யச் சொல்லி மலையாளத்தில் எஸ்எம்எஸ் வந்திருக்கும், வாசிக்கத் தெரியாமல் விட்டிருப்பார்கள். ஓடிபி மட்டும் சரியாகச் சொல்வார்கள். எண்ணுக்கு மொழி இல்லையே. ஆனால் அதிலேதான் பயமும் இருக்கிறது. யார் கேட்டாலும் ஓடிபியைச் சொல்லிவிடுகிறார்கள். எனக்குச் சொல்வது போலவே போனில் யாரோ ஒருவருக்கும் சொல்லி, பால் சொசைட்டியில் இருந்து வந்த பணத்தை இழந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். என் மேல் வைத்த நம்பிக்கையே அவரைப் பழக்கிவிட்டதோ என்று பல நாள் தூக்கம் வரவில்லை.

2025 ஆகஸ்ட் 21இல் கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று முதலமைச்சர் அறிவித்தார். எங்கள் வார்டிலும் பாட்டிகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம், வீடியோ கால் செய்யக் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் முகத்தில் பார்த்த மகிழ்ச்சி உண்மை. அதே பாட்டி மறுநாள் படிவத்துக்கு என்னிடம்தான் வந்தார். அதுவும் உண்மை.


மேட் அக்கா எழுதியது, திங்கள் காலை 6.10

தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை என்கிறீர்கள், இங்கே தொழிலுறப்பு. நான் மேட், வேலையிடத்தில் மேற்பார்வை பார்ப்பவள். 2023 ஜனவரி 1 முதல் எல்லா இடத்திலும் ஆப்பில்தான் வருகைப் பதிவு. காலையில் ஒரு போட்டோ, மதியத்துக்கு மேல் ஒரு போட்டோ. ரேஞ்ச் இல்லாத வாய்க்காலில் வேலை என்றால் போட்டோ ஏறாது. வேலை செய்தும் கூலி நின்ற நாள் உண்டு. ஆனால் வேலைக்கே வராமல் பெயர் மட்டும் எழுதிக்கொண்ட ஆட்கள் நின்றதும் இதனால்தான், அதையும் மறைக்க மாட்டேன். வேலைக்குக் கிளம்பணும், பிறகு எழுதுகிறேன்.


பிஎஸ்சி கனவு எழுதியது, திங்கள் மதியம் 1.30

எல்லைக்கல் அங்கிள், உங்கள் மகள் மாதிரிதான் நானும். மலையாள வழியில் படித்தேன். தமிழ் எழுத்து தெரியாமல் வளர்ந்தேன். ஆனால் இப்போது இதைத் தமிழில்தான் எழுதுகிறேன், பாருங்கள்.

போன்தான் கற்றுக் கொடுத்தது. முதலில் யூடியூபில் தமிழ் வீடியோவுக்குக் கீழே இருக்கும் கமெண்டுகளை வாசிக்க ஆசை வந்தது. எழுத்து ஒவ்வொன்றாகப் பழகினேன். மலையாளம் தெரிந்தவனுக்குத் தமிழ் எழுத்து குறைவு என்பதால் எளிதுதான், ஒரு க வைத்துக்கொண்டு எந்த ஓசை என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அப்புறம் குரலில் பேசினால் தமிழில் எழுதும் வசதி. நான் பேசினேன், அது எழுதியது, அதைப் பார்த்து நான் எழுதக் கற்றேன். ஆறு மாதம் ஆனது. என் பாட்டி வாரந்தோறும் வாங்கும் தமிழ் வாரப் பத்திரிகையை இப்போது நான்தான் வாசித்துக் காட்டுகிறேன்.

அதனால் போன் எழுத்தை எடுத்துக்கொண்டது என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. எழுத்தை எடுத்துக்கொண்டது பள்ளி. எங்கள் பெற்றோர் எடுத்த முடிவு. மன்னிக்கணும், உங்களைக் குற்றம் சொல்லவில்லை.

ஆனால் ஆபீஸ் விஷயத்தில் உங்கள் பக்கம்தான். தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கு என்று தனியாக எல்டி கிளார்க் (கீழ்நிலை எழுத்தர்) பணியிடத்துக்குக் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம், அதாவது பிஎஸ்சி, ஆள் எடுக்கிறது. அதற்குத்தான் படிக்கிறேன். டெலிகிராமில் நான் இருக்கும் பிஎஸ்சி குழு ஏழு, ஏழும் மலையாளம். தமிழில் குறிப்புக் கிடைக்காமல் நானே எழுதி, நானே ஒரு சின்னக் குழு தொடங்கினேன். அறுபத்துமூன்று பேர் இருக்கிறோம், வட்டவடையில் இருந்துகூட ஒருவர்.


எல்லைக்கல் எழுதியது, திங்கள் இரவு 8.45

தம்பி, நீ சொன்னது வலித்தது, ஆனால் சரி. அவளைத் தமிழும் சேர்த்துப் படிக்க வைத்திருக்கலாம். அது என் தப்பு, போனின் தப்பு இல்லை. நான் தொடக்கத்தில் இரண்டையும் கலந்துவிட்டேன்.

அந்தக் குரலை எழுத்தாக்கும் வசதியை எப்படி வைப்பது என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்வாயா? மகளுக்கு அனுப்ப வேண்டும்.


அகளிக்காரன் எழுதியது, திங்கள் இரவு 11.00

நீங்கள் எல்லாம் மொழியைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் அட்டப்பாடியில் இருந்து எழுதுகிறேன். இங்கே இருளர் பேச்சு தமிழுக்குப் பக்கத்தில் நிற்கும், அதற்கு எழுத்து கிடையாது. போனால் எங்கள் சமூகம் எப்படி மாறியது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரே ஒரு படம்.

2018 பிப்ரவரி 22. மது என்ற ஆதிவாசி இளைஞரை அரிசி திருடினார் என்று சொல்லிப் பிடித்து, கட்டி, அடித்தார்கள். அடிக்கும் கூட்டத்தில் ஒருவர் அவரோடு சேர்த்துத் தன்னைப் படம் எடுத்துக்கொண்டார். மது அன்றே இறந்துபோனார். அந்தப் படம் கேரளம் முழுக்கப் போனது. அவர் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள்.

ஒரு மனிதன் பசியோடு கட்டுண்டு நிற்கும்போது கேமராவுக்கு முகம் காட்டத் தோன்றுவது எப்படி? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் இல்லை. அடி அதற்கு முன்னாலும் இருந்தது, எங்களை இளக்காரமாகப் பார்ப்பது நூறு வருஷமாக உண்டு. ஆனால் அடித்ததை நாலு பேருக்குக் காட்டி மெச்சிக்கொள்ள ஒரு இடம் கையிலேயே வந்துவிட்டது.

வழக்கு நடந்தபோது சாட்சிகள் பலர் பின்வாங்கினார்கள். வீடியோ பின்வாங்கவில்லை. 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தப் படமும் வீடியோவும் இல்லாமல் இருந்திருந்தால், மலையில் ஒருவன் செத்துப்போனான் என்பதோடு முடிந்திருக்கும். இரண்டையும் ஒரே கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், எதையும் விட முடியவில்லை.


மூணாறு மகள் எழுதியது, திங்கள் இரவு 11.40

அண்ணே, வாசித்தேன். உங்களுக்குச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.


தமிழ் டீச்சர் எழுதியது, செவ்வாய் மாலை 4.30

சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் படித்தவள், இப்போது எல்லையில் ஒரு பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். இழை முழுவதையும் வாசித்துவிட்டு ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தேன், அது யாரும் சொல்லவில்லை.

எல்லைக்கல் சார், உங்கள் அப்பாவின் தமிழ் மனுவை வாங்கி வைத்துக்கொண்டது கிளார்க்கின் பெருந்தன்மை மட்டும் இல்லை. 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமை இருக்கிறது. தலைமைச் செயலகத்துக்கும், துறைத் தலைவர்களுக்கும், நம் பகுதியில் இருக்கும் அரசு அலுவலகங்களுக்கும் நம் மொழியில் எழுதலாம். பதிலும் நம் மொழியில் வர வேண்டும். அரசியலமைப்பின் 350ஆம் பிரிவும் குறைதீர் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது. அந்தத் தம்பி தயாராகும் எல்டி கிளார்க் வேலை இருப்பதே இதற்காகத்தான்.

இந்த உரிமையை யாரும் ரத்து செய்யவில்லை. யாரும் ஒரு உத்தரவு போட்டுத் தமிழை நிறுத்தியிருந்தால் நாம் ரோட்டுக்கு வந்திருப்போம். தாள் போய்த் திரை வந்தது, திரையில் தமிழுக்கு ஒரு கட்டம் வைக்க யாருக்கும் நினைவு வரவில்லை, நாமும் கேட்கவில்லை. கிளார்க்கிடம் கேட்கலாம், திரையிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் அக்ஷயாவில் வரிசையில் நின்றோம்.

கட்டம் வைப்பது கஷ்டமான வேலையும் இல்லை. பள்ளிப் பாடப் புத்தகம் தமிழில் அச்சாகிறது, பிஎஸ்சி வினாத்தாள் தமிழில் வருகிறது. அதை மொழிபெயர்க்க ஆள் இருக்கும் மாநிலத்தில் ஒரு படிவத்தை மொழிபெயர்க்க ஆள் இருக்காதா?

தமிழ்நாட்டுக்காரர்கள் வந்து நம் ஊரில் கொடி பிடிக்க இதைப் பயன்படுத்துவதையும் நான் விரும்பவில்லை. இது மலையாளத்துக்கு எதிரான சண்டை இல்லை. என் வகுப்பில் இரண்டு மொழியும் பேசாத குழந்தை ஒன்றுகூட இல்லை.


வேலந்தாவளம் காய்க்காரர் எழுதியது, செவ்வாய் மாலை 5.10

டீச்சர், ஐம்பது வருஷத்துக்கு மேல் இருக்கும் சட்டம் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். எழுதிக் கொடுக்கலாம் என்றால் எங்கே, எப்படி?


தமிழ் டீச்சர் எழுதியது, செவ்வாய் இரவு 7.00

தமிழில் ஒரு மனு. இரண்டே கோரிக்கை போதும். ஒன்று, நம் பகுதிக்கான ஆன்லைன் படிவங்கள் தமிழிலும் வர வேண்டும். இரண்டு, வீட்டுப் பெயர் கட்டாயமாக இருக்கும் இடத்தில் அது இல்லாதவர்களுக்கு வழி வேண்டும். 1969 சட்டத்தைக் குறிப்பிடுங்கள். நேரில் கொடுத்து, வாங்கியதற்கு ரசீது கேளுங்கள். ரசீது இல்லாமல் திரும்ப வராதீர்கள்.


அக்ஷயாவில் இருப்பவள் எழுதியது, செவ்வாய் இரவு 7.45

பெயர் மாறி வந்த கதைகளை நான் தொகுத்துத் தருகிறேன் டீச்சர். ஆட்களின் பெயரை வெளியிடாமல், எந்த எழுத்து எங்கே எப்படி மாறியது என்று மட்டும். ஒரு வாரம் கொடுங்கள். ஓடிபி யாரிடமும் சொல்லக் கூடாது என்று தமிழில் ஒரு குரல் செய்தி பேசி வைத்திருக்கிறேன், அதையும் எல்லாரும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அனுப்புங்கள். எழுத்தாக அனுப்பினால் வாசிக்க மாட்டார்கள்.


எல்லைக்கல் எழுதியது, அடுத்த புதன் மதியம் 3.20

மனு கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்திருந்தாள். டீச்சர் சொன்ன இரண்டு கோரிக்கையை நான் சொல்லச் சொல்ல, என் மனைவி தமிழில் எழுதினாள். ஏழாவது படித்த கையெழுத்து, பெரிது பெரிதாக. "கோரிக்கை"க்கு எந்த ர போடுவது என்று கேட்டாள். அக்ஷயாத் தங்கை கொடுத்த பெயர்ப் பட்டியலைப் பின்னால் வைத்துக் கட்டினோம். பதினேழு பெயர்.

ஆபீசில் இளம் வயதுக் கிளார்க். தாளைப் பார்த்துவிட்டு, தனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். சட்டத்தைச் சொன்னேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். இருபது நிமிஷம் ஆனது. வாங்கிக்கொண்டார். இந்த மாதிரித் தாள் தான் வேலைக்கு வந்த பிறகு முதல் தடவை என்றார்.

ரசீது கம்ப்யூட்டரில் இருந்து வந்தது, மலையாளத்தில். மனைவி அதை மகளிடம் கொடுத்தாள். அவள் பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே ஒவ்வொரு வரியாக வாசித்து, தமிழில் சொன்னாள். விண்ணப்பதாரர் பெயருக்குப் பக்கத்தில் வீட்டுப் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு இருக்கிறதாம்.

பதில் வந்தால் எந்த எழுத்தில் வந்தாலும் இங்கே போடுகிறேன். தேவிகுளம், பீர்மேடு பக்கம் யாராவது இதே மனுவைக் கொடுக்க விரும்பினால் சொல்லுங்கள், மனைவி எழுதியதைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.


மூணாறு மகள் எழுதியது, அடுத்த புதன் மாலை 5.55

அனுப்புங்கள் அண்ணா. நான் இப்போது கீழே டவுனில்தான் இருக்கிறேன், ரேஞ்ச் இருக்கிறது. லயத்துக்கு ஏறுவதற்குள் வந்தால் நல்லது.